தரம்பாலும் எழும்பூர்ச் சுவடிச்சாலையும்

வரலாறு எழுதுவோர் இருவகையினர். ஒருவகையினர் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ ஆசிரியராயமர்ந்து, திங்கள்தோறும் ஊதியம் பெற்று, பாடஞ்சொல்லி எஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி நிகழ்த்துவோர். மற்றையோர் எப்பதவியும் இலராய், தம் உள்ளத்தெழுந்த ஒரு வினாவையே தலைவனாகக் கொண்டு, அவ்வினா ஏவும் இடத்திற்கெல்லாம் சென்று பழஞ்சுவடிகளைப் புரட்டுவோர். முன்னையவர் தொழிலை நாம் வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்றோம். பின்னையவர் தொழிலோ பலரும் அறியாதது. அவர் காலையில் எங்குச் செல்கின்றார், அங்கு என் செய்கின்றார், எதனைக்கொண்டு உண்கின்றார், பத்தாண்டு கழிந்தபின் அவர் கையில் எஞ்சுவது யாது என்னும் வினாக்களுக்கு விடை கூறுவார் அரியர். அவ்விடையை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படக் கூறின் பொருள் தெளிவுறாதாகலின், அவ்வாறு வாழ்ந்த ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம். அவர் வடநாட்டினர், ஆயினும் தம் ஆவண ஆராய்ச்சியின் தொடக்க நாள்களைத் தமிழ்நாட்டிற் கழித்தவர். அவர் பெயர் தரம்பால்.

இவர் 1922-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் முசாபர்நகர் மாவட்டத்தைச் சார்ந்த காந்தலா என்னும் ஊரிற் பிறந்தார். பௌதிகம் பயின்றுகொண்டிருந்தவர் பட்டம் பெறுமுன்னரே கல்லூரியைத் துறந்து நாட்டு விடுதலைப் போராட்டத்திற் புகுந்தார். பின்னர்க் காந்தியடிகளின் மாணவியாராகிய மீராபென் அம்மையாருடன் இமயமலைச் சாரலில் கிராமத் தொண்டு செய்தார். ஆக, வரலாற்றுத் துறையில் இவருக்குப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. இவரைச் சுவடிச்சாலைக்கு அனுப்பியது நூலாசையன்று. கிராமங்களிற் கண்ட காட்சியே யாகும். விடுதலை பெற்ற நாட்டில் ஊராட்சிகளை மீண்டும் நிறுவ முயன்றபோது அவை வேரூன்றாமை கண்டு, முன்னொரு காலத்தில் தம்மைத்தாமே ஆண்டுகொண்ட ஊர்கள் எப்பொழுது, எவ்வாறு அவ்வாற்றலை இழந்தன என்று இவர் வினாவினார். அவ்வினாவுக்கு விடை வயல்வரப்பில் இல்லை. கும்பினியார் எழுதிவைத்த காகிதங்களில் இருந்தது. சீனப் போரையொட்டி 1962 நவம்பரில் பாராளுமன்ற உறுப்பினர்க்கு ஒரு திறந்த மடல் எழுதியதன் பொருட்டுச் சிறையும் புகுந்து மீண்ட இவர், 1964–65-ஆம் ஆண்டுகளில் அகில இந்தியப் பஞ்சாயத்துப் பரிஷத்தின் ஆராய்ச்சி இயக்குநராகத் தமிழ்நாட்டிற்கு வந்து ஓராண்டுக்கு மேல் தங்கினார். ஊராட்சிகளை நேரிற் காண்டலும், சென்னையிலுள்ள அரசாங்க ஆவணங்களைப் படித்தலும் அக்காலத்தில் இவர்தம் தொழிலாயின. சென்னை இராசதானியின் பஞ்சாயத்து முறையைப் பற்றிய இவரது நூல் 1972-இல் வெளிவந்தது.

அச்சுவடிச்சாலையைப் பற்றிச் சிறிது கூறுவாம். எழும்பூர்ப் புகைவண்டி நிலையத்தை அடுத்து, காந்தி இர்வின் சாலையில், செங்கல்லாற் கட்டப்பெற்ற ஓர் அழகிய மாளிகை இருக்கின்றது. நிலையத்திற்கு விரைவோருள் நூற்றுக்கு ஒருவரேனும் அதனை ஏறிட்டு நோக்குவரோ என்பது ஐயமே. சென்னை ஆவணச்சாலை என்னும் பெயரால் 1909-இல் அமைந்து, இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என வழங்குவது அது. 1911-இல் அதன் காப்பாளராயமர்ந்த ஹென்றி டாட்வெல் என்பவர், புனித ஜார்ஜ் கோட்டைச் சுவடிகளை ஒழுங்குபடுத்தி அச்சேற்றும் பணியைப் பெரிதும் முன்னின்று நடத்தினார். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் நாட்குறிப்பு ஆங்கிலத்தில் முற்றுப்பெற்றதும் அவர் கையாலேயே. 17-ஆம் நூற்றாண்டின் எழுபதுகள் தொடங்கிக் கும்பினியாரும், பின்னர் இராசதானி அரசாங்கத்தாரும் எழுதிய நடவடிக்கைகள் அங்கே அடுக்கடுக்காக வைக்கப்பெற்றிருக்கின்றன. பொதுத்துறை, படைத்துறை, நீதித்துறை, வருவாய்த்துறை என அவை துறைவாரியாகப் பிரிந்து நிற்கும். ஊர்களைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு இவற்றுள் மிகவும் பயன்படுவன 1786-இல் நிறுவப்பெற்ற வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளேயாம். நிலவரி வாங்குவதற்காக எழுதிய அவ்வேடுகளில் ஏரி, கால்வாய், கோயில் மானியம், திண்ணைப் பள்ளி, தறி, வழிப்பறி, பஞ்சம் ஆகிய எல்லாம் இடையிடையே வந்து புகுந்திருக்கின்றன. வரி கேட்பவன் எல்லாவற்றையும் கேட்பானன்றோ!

இனி, அங்கு ஒருவர் ஒருநாளைக் கழிக்குமாறு காண்போம். முதற்கண் தம்மை அறிந்த ஒரு கல்வி நிலையத்தின் அறிமுகக் கடிதத்தோடு விண்ணப்பித்து அனுமதி பெறல்வேண்டும். பதவியற்ற ஆராய்ச்சியாளர்க்கு இதுவே முதல் இடையூறு. பேராசிரியர்க்கு ஒரு வரியிற் கிடைப்பது இவர்க்குப் பன்முறை நடந்தே கிடைக்கும். உட்புகுந்தபின் நேரே சுவடியைக் கேட்டல் இயலாது. அகரவரிசைக் குறிப்பேடுகளை முதலிற் பார்த்து, துறை, ஆண்டு, தொகுதி எண், பக்கம் ஆகியவற்றைக் கண்டறிந்து, கேட்புச்சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருத்தல்வேண்டும். ஏவலர் உள்ளே சென்று தேடிக் கொணர்வார். கொணர்ந்த தொகுதி ஒருகால் வேண்டியதாயிராது. ஒருகால் பூச்சியரித்துப் படிக்கவொண்ணாததாயிருக்கும். ஒருகால் ‘ஏடு நொய்ந்துள்ளது, கொடுத்தற்கில்லை’ என்று சீட்டே திரும்பி வரும். மைப்பேனா வழங்கலாகாது, பென்சிலே வேண்டும். ஏட்டின்மேற் கை ஊன்றலாகாது. நூறாண்டுக்கு முன் எழுதுவோன் ஒருவன் அந்திவேளையில் விரைந்து கிறுக்கிய எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து, பொருளுணர்ந்து, தன் கையேட்டிற் பெயர்த்தெழுதி முடிப்பதற்குள் பகற்பொழுது கழிந்துவிடும். ஒரு வாரம் படித்தும் தன் வினாவைத் தொடும் ஒரு வரி அகப்படாமையும் உண்டு. அங்ஙனம் அகப்படாத வாரங்களுக்கு ஊதியம் கொடுப்பார் எவர்?

படித்தல் என்பதும் எளிதன்று. ஆங்கிலம் அறிந்தவர்க்கெல்லாம் அச்சுவடிகள் விளங்கிவிடும் என்று கருதுதல் தவறு. அவற்றிற் காணும் ஆண்டுகள் பல பசலி ஆண்டுகள். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அவ்வாண்டு தொடங்கும் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். எனவே பசலி 1231 என்பது 1821-இல் தொடங்கி 1822-இல் முடிவது. நிலத்தைக் காணியென்று குறித்திருப்பர். சென்னைக் காணி 24 மனை கொண்டது, அஃதாவது ஏறத்தாழ 1.32 ஏக்கர். பணம் வராகனாகவும் பணமாகவும் காசாகவும் மாறி மாறி வரும். மேரை, சுதந்திரம், மானியம், மிராசு ஆகிய நம் சொற்கள் ஆங்கில எழுத்திற் புகுந்து, தம் வீட்டாரே அடையாளம் காணாதபடி உருமாறி நிற்கும். இவ்விடத்தில், தமிழ் கற்றாரைக் காட்டிலும் தகுதியுடையார் இலர் என்று யாம் துணிந்து கூறுவோம். அத்தகுதியைப் பயன்படுத்தும் தமிழ் மாணவரோ மிகச் சிலர்.

ஊர்ப்பெயர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எம் ஊராகிய முத்தாபுதுப்பேட்டையையே எடுத்துக்கொள்க. ஆவடியை அடுத்துள்ள இவ்வூரை இன்று அறிந்தவர் வான்படை நிலையத்தைக் கொண்டே அறிவர். இதன் பழைமையைத் தேடப் புகுவார் ஒருவர் திருவள்ளூர் மாவட்டம் என்னும் தலைப்பிற் பார்த்தாற் பயனில்லை. அம்மாவட்டம் 1997-இற் பிரிந்தது. அதற்கு முற்பட்ட ஏடுகளெல்லாம் செங்கற்பட்டு என்னும் தலைப்பின்கீழ் இருக்கின்றன. கிரோல் என்பார் 1879-இல் வெளியிட்ட செங்கற்பட்டு மாவட்டக் கையேடு முதற்படியாக உதவும். அதற்கும் முன் செல்லின், ஆர்க்காட்டு நவாபு 1763-இற் கும்பினியாருக்கு ஜாகீராக விட்ட நாட்டினுள் இப்பகுதி அடங்கும்; 1794 முதல் 1798 வரை அங்குக் கலெக்டராயிருந்த லயனல் பிளேசு என்பவரின் நீண்ட அறிக்கையைப் படித்தல்வேண்டும். பேட்டை என்னும் ஈறு சந்தையும் புறக்குடியிருப்பும் சேர்ந்த இடத்தைக் குறிப்பது. ‘புது’ என்னும் அடை அதனினும் பழையதோர் இருப்பிடத்தைச் சுட்டுகின்றது. பூவிருந்தவல்லியைப் பூனமல்லி ஆக்கிய கைகள் எம் ஊர்ப்பெயரை எவ்வெவ்வாறு எழுதியிருக்கக்கூடும் என்று பத்து வடிவங்களையேனும் முன்னரே எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அகரவரிசையிற் பார்த்தல்வேண்டும். 1856-இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கி ஓடிய தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை ஆவடி வழியே சென்றமையால், நிலமெடுப்புப் பற்றிய ஏடுகளையும் ஆராய்தல் நன்று. ஒரு சிற்றூருக்கே இத்துணை வாயில்களைத் தட்டல்வேண்டுமெனில், ஓர் இராசதானி முழுவதையும் பற்றி வினாவியவர் பட்ட பாடு எத்துணையாம் என்பதை உய்த்துணர்க.

தரம்பால் 1960-களின் நடுவில் இலண்டனுக்குச் சென்றார். அவர் மனைவியார் ஆங்கில நாட்டவர், மக்களும் உடனிருந்தனர். கும்பினியார் சென்னையில் எழுதிய நடவடிக்கைகளையெல்லாம் படியெடுத்துக் கப்பலேற்றித் தம் தலைவர்களுக்கு அனுப்புவது வழக்கமாகையால், எழும்பூரில் உள்ளவற்றுட் பெரும்பாலன இலண்டன் இந்தியா ஆபீசு நூல்நிலையத்திலும் இருந்தன. அந்நூல்நிலையம் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் பகுதியாயிருக்கின்றது. நம் பாட்டனார் ஊரின் கணக்கை ஆறாயிரம் கல் கடந்து சென்று படிக்கவேண்டியிருத்தல் வியப்பே. ஆயினும் இங்குச் செல்லரித்த பக்கம் அங்குப் பழுதின்றி இருத்தலும் உண்டாதலின், இரு படிகளும் இருத்தல் ஆராய்ச்சியாளர்க்கு நன்மையாகவே முடிந்தது.

அங்கு அவருக்கு வருவாய் குறைவு, குடும்பமோ உடனிருந்தது. நிழற்படி எடுத்தற்குப் பணம் வேண்டும். பழஞ்சுவடிகள் சிலவற்றை அவ்வாறு எடுக்க விடுதலும் இல்லை. ஆதலால் அவர் கையாலேயே எழுதினார். காலையிற் சென்று அமர்வார். வேண்டிய பகுதிகளை வரிக்கு வரி பெயர்த்தெழுதுவார். பின்னர் அக்கையெழுத்தைத் தட்டச்சிற் பொறிப்பிப்பார். ஆண்டுகள் பல இங்ஙனமே கழிந்தன. நாடு திரும்பியபோது அவர் கொணர்ந்த செல்வம் பெட்டிபெட்டியாக அக்குறிப்புகளே. ‘இவ்வளவு எழுதுவதினும் சுருக்கி எழுதிக்கொள்ளலாகாதோ’ என வினாவுவார் உளர். சுருக்கம் எழுதுபவர் தாம் அன்று தேடியதை மட்டுமே கொள்வர். பத்தாண்டு கழித்து வேறொரு வினா எழும்போது அச்சுருக்கம் ஊமையாகிவிடும். முழுவதையும் பெயர்த்தவர்க்கோ அவ்வேடு மீண்டும் பேசும்.

அவ்வாறு பெயர்த்தெழுதிய குறிப்புகளிலிருந்து முதலில் வெளிவந்த பெருநூல்களுள் ஒன்று, 18-ஆம் நூற்றாண்டில் இந்தியரின் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் பற்றியது. 1971-இல் வெளியான அந்நூலில், அக்காலத்து ஐரோப்பியர் நம் நாட்டிற் கண்டு எழுதியவற்றை அவர்தம் சொற்களாலேயே தொகுத்தளித்தார். காசியின் வானாய்வுக் கூடமும், அம்மை குத்தும் முறையும், விதைக்கலப்பையும், இரும்பு உருக்கும் உலைகளும் அதில் வருகின்றன. நம் சென்னைச் சுண்ணச்சாந்தின் பக்குவத்தை 1732-இல் ஒருவர் வியந்தெழுதிய மடலும் உண்டு.

ஆயினும் அவர் பெயரை நாடறியச் செய்தது கல்வியைப் பற்றிய நூலே. அதன் வரலாறு சுவையுடையது. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் இலண்டனிற் பேசிய காந்தியடிகள், ஐம்பது அல்லது நூறாண்டுகட்கு முன் இருந்ததினும் இந்தியா இன்று எழுத்தறிவிற் குறைந்துள்ளது என்றும், ஆங்கிலேயர் ஓர் அழகிய மரத்தின் வேரை அகழ்ந்து பார்த்து அப்படியே விட்டுவிட்டமையால் அம்மரம் பட்டுப்போயிற்று என்றும் கூறினார். அவையில் இருந்த சர் பிலிப் ஹார்ட்டாக் என்பார், டாக்காப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தவர், ‘இதற்குச் சான்று யாது?’ என்று கேட்டார். கேட்டதோடு விடாது கடிதமும் எழுதினார். காந்தியடிகள் நாடு திரும்பிய சின்னாளில், 1932 ஜனவரியில், சிறை சென்றமையால் முழுச்சான்றைத் தேடித்தர இயலவில்லை. ஹார்ட்டாக் தம் மறுப்பை விரிவுரைகளாக நிகழ்த்தி 1939-இல் நூலாக்கினார். அத்துடன் வழக்கு முடிந்ததென்றே கற்றோர் பலரும் எண்ணினர்.

முடியவில்லை. சென்னை இராசதானியின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் ஓர் ஆணையிட்டிருந்தார். மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை மாணவர் பயில்கின்றனர், அவர் எக்குலத்தினர் என்பதை அட்டவணையில் எழுதியனுப்புமாறு கலெக்டர்கள் பணிக்கப்பட்டனர். விடைகள் வந்துசேர ஆண்டுகள் ஆயின. கன்னடக் கரை மாவட்டத்துக் கலெக்டர் அட்டவணையை நிரப்பாமலே விடையெழுதிவிட்டார். மன்றோ 1826 மார்ச்சு 10-ஆம் நாள் எழுதிய குறிப்பிற் காணும் மொத்தக் கணக்கு இது: பள்ளிகளும் கல்லூரிகளும் 12,498, மாணவர் 1,88,650, மக்கள் தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஐந்து முதல் பத்து வயதுள்ள ஆண் மக்களில் நாலிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் பள்ளிகளில் பயின்றனர் என்றும், வீட்டில் கற்பாரையும் சேர்த்தால் மூன்றிலொரு பங்கை அணுகும் என்றும் அவர் மதிப்பிட்டார். சென்னை நகரில் மட்டும் வீட்டிலிருந்தே கற்பவர் 26,963 பேர் எனக் கலெக்டர் எழுதியதை மன்றோவே முற்றும் நம்பவில்லை. பல்லாரிக் கலெக்டர் காம்பெல் என்பார் 1823 ஆகஸ்டில் எழுதிய விடை எல்லாவற்றினும் சிறந்தது: மூத்த மாணவர் இளையார்க்குக் கற்பிக்கும் நம் முறையை இங்கிலாந்தே பின்பற்றியது தக்கதே என்று பாராட்டும் அவர், தறிகள் ஓய்ந்து வறுமை மிகுந்தமையாற் பள்ளிகள் குன்றி வருகின்றன என்றும் மறையாது எழுதினார். அம்முறையை மேனாட்டிற் பரப்பிய ஆண்ட்ரூ பெல் என்பவர் 1790-களை ஒட்டி ஆசிரியத்தொண்டு புரிந்த ஆதரவற்ற சிறுவர் இல்லமும் எழும்பூரிலேதான் இருந்தது என்பதை இடையிற் குறிக்கின்றோம்.

மன்றோவின் சுருக்கக் கணக்கு 1830-களிலேயே பாராளுமன்ற ஏடுகளில் அச்சாகியிருந்தது. மாவட்டவாரியான விரிந்த விடைகளோ சென்னையிலும் இலண்டனிலும் எவர்க்கும் மறைக்கப்படாமலே இருந்தன. பட்டம் பெற்றோர் எத்துணையோ பேர் அவ்வடுக்குகளைக் கடந்து சென்றிருத்தல்வேண்டும். தரம்பால் அவற்றை நின்று படித்தார், முழுவதும் பெயர்த்தார், காந்தியடிகளின் உவமையையே பெயராகச் சூட்டி, ‘அழகிய மரம்’ என்னும் பொருள்பட, 1983-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்நூலில் அவர்தம் முன்னுரை ஒரு பகுதியே. எஞ்சிய பெரும்பகுதி கலெக்டர்களின் மடல்களும் அட்டவணைகளும் ஹார்ட்டாக்–காந்தியடிகள் கடிதங்களுமேயாம். இஃதே யாம் அவர்பால் மிகவும் மதிக்கும் பண்பு. தம் கருத்தை மறுப்பதற்கு வேண்டிய கருவியையும் தம் நூலினுள்ளேயே வைத்து நம் கையிற் கொடுத்துவிட்டார்.

அக்கருவியை நாமும் எடுத்துப் பார்த்தல் தகும். தமிழ் வழங்கும் மாவட்டங்களில் மாணவருள் மிகப்பெரும் பகுதியினர் அந்தணரல்லர். சூத்திரரும் பிற சாதியாரும் என்று குறிக்கப்பட்டோர் சேலத்திலும் நெல்வேலியிலும் நூற்றுக்கு எழுபதின் அளவினர், தென்னார்க்காட்டில் எண்பத்துநால்வர்க்கும் மேற்பட்டவர். பண்டு கல்வி ஒரு குலத்தார்க்கே உரியதாயிருந்தது என்று நாம் பாடநூலிற் படித்தது இவ்விடத்தில் ஆட்டங்காணுகின்றது. ஆனால் அதே அட்டவணையில் பெண்களைத் தேடினால், 1,88,650 மாணவருள் 4,540 பேரே பெண்கள். அவருள்ளும் பலர் ஆடல்பாடற்குரிய மகளிர் எனக் கலெக்டர்களே குறித்தனர். இன்னும் ஒன்று. அட்டவணையில் அந்தணர், வைசியர், சூத்திரர், முகம்மதியர் என்று தனித்தனிக் கட்டங்கள் உள. எஞ்சியோர் அனைவரும் ‘பிற சாதியார்’ என்னும் ஒரே கட்டத்தினுள் அடைக்கப்பட்டனர். ஊர்க்கோடியிற் சேரியில் வாழ்ந்தார் பிள்ளைகள் அக்கட்டத்தினுள் எண்ணப்பட்டனரா, அன்றித் திண்ணைக்குப் புறத்தே நின்றனரா என்பதை அவ்வெண் தனித்துக் கூறவில்லை. எம்மைப் போல, தம் பாட்டனார் தலைமுறையிலேயே முதன்முதல் எழுத்தறிந்த குடும்பத்தினர் நம் கல்லூரியிற் பலர். எமக்கு அக்கட்டமே அந்நூலின் நடுவிடமாகத் தோன்றுகின்றது. பழம்பெருமை பேசுவோர் மொத்தத் தொகையை மட்டும் மேடையிற் கூறிச் செல்வர். பழமையை இகழ்வோர் அத்தொகையையே காணாது செல்வர். இருவரும் அட்டவணையைப் படித்தவரல்லர்.

இனி, ஊண் உடை பற்றிய வினாவுக்கு வருவோம். தரம்பால் சிறிதுகாலம் பாட்னாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வாளராயிருந்தார். சர்வோதயத் தொண்டர்களும் நண்பர்களும் அவ்வப்போது துணைநின்றனர். இறுதி நாள்களிற் சேவாகிராமத்து ஆசிரமத்தில் தங்கி, 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் அங்கேயே காலமானார். பெருஞ்செல்வம் சேர்த்தவரல்லர் என்பது இதனால் விளங்கும். நம் நாட்டில் இவ்வகையினர் வேறு வழிகளையும் கண்டதுண்டு. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் பள்ளியாசிரியராயிருந்து அவ்வூதியத்தில் வாழ்ந்து, மணமும் செய்துகொள்ளாது, நூல்நிலையங்களிலும் கல்வெட்டுகளிலும் தம் ஓய்வுநேரத்தைச் செலவிட்டார். ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ் உரைநடைக்கும் அச்சுக்கும் ஆற்றிய பணியை ஆராயும் ‘கிறித்தவமும் தமிழும்’ என்னும் அவர்தம் நூல் 1936-இல் வெளிவந்தது. நம் கல்லூரித் தமிழ் மாணவர் அதனை அறியாதிரார். பாரதியாரின் எழுத்துகளைப் பழைய இதழ்களில் தேடித் தேடிக் காலவரிசைப்படுத்திப் பல தொகுதிகளாகப் பதிப்பித்த சீனி. விசுவநாதன் அவர்களும் பல்கலைக்கழகப் பதவியின்றி வாழ்நாளையே அதற்குச் செலவிட்டவர். 2025-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. விருது வருமுன் கழிந்த ஆண்டுகளில் அச்சுக்கூலிக்கு என் செய்தார் என்று எவரும் கேட்கவில்லை. பதவியில்லாதார்க்கு மேற்பார்ப்பாரும் இலர், எச்சரிப்பாரும் இலர் என்பதையும் கூறாமல் விடலாகாது. பிழை நேர்ந்தால் திருத்த ஒரு துறையோ உடனாசிரியரோ அருகில் இல்லை. சான்றை முழுவதும் அச்சிட்டு வெளியிடுதலே அவர்க்குள்ள ஒரே காவல்.

தரம்பால் தொடங்கிவைத்த பணிகளுள் ஒன்று எம் ஊர்ப் பக்கத்தையே சார்ந்தது. கும்பினியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை ஜாகீரிலுள்ள ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, ஒவ்வோர் ஊரிலும் வீடுகள் எத்தனை, எத்தொழிலார் எத்தனை பேர், ஏரி எத்தனை, நன்செய் புன்செய் எவ்வளவு, விளைவில் வண்ணானுக்கும் தச்சனுக்கும் வெட்டியானுக்கும் கோயிலுக்கும் ஏரி மராமத்துக்கும் பிரித்துக் கொடுத்த பங்கு எவ்வளவு என்று எழுதுவித்தார். பூவிருந்தவல்லியைச் சூழ்ந்த ஊர்களும் அக்கணக்கில் அடங்குவன. அவ்வேடுகளின் அருமையைத் தரம்பால் எடுத்துக்காட்ட, சென்னையிலுள்ள கொள்கையாய்வு மையத்தைச் சேர்ந்த ஜிதேந்திர பஜாஜ், எம். டி. ஸ்ரீனிவாஸ் ஆகிய இருவரும் அப்பணியை மேற்கொண்டு நடத்தினர். ஆங்கிலச் சுருக்கத்திற்கு மூலமாக ஊர்க்கணக்கர் தமிழில் எழுதிய பனையோலைக் கணக்குகளும் கிடைத்துள்ளன. அவை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

அவ்வோலைகளைப் படிப்பதற்கு ஆங்கிலமோ பட்டமோ போதா. புள்ளியும் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வேறுபாடும் இல்லாத பழைய கையெழுத்துப் பழக்கம் வேண்டும். எண்களெல்லாம் தமிழ் எண்கள். பின்னங்களோ இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி என்று தனித்தனிக் குறிகளால் எழுதப்பட்டவை. ஓர் ஊரின் வெட்டியானுக்குரிய பங்கு அத்தகையதொரு சிறு குறியினுள் நிற்கும். அக்குறிகளை எம் வகுப்பில் இலக்கணப் பாடத்தோடு ஒருநாள் கற்பித்தார்கள். இருபத்தொருவர் கற்றோம், தேர்வில் அவை கேட்கப்படவில்லை.